அண்ணன் சேர்த்த தபால்தலைகள்

என் வீட்டுக்காரர் தபால்தலை விற்கிறவர். வாங்கி விற்கிறவர் என்பதுதான் சரி. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாம் ஆள் வாசலில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கடை. அதற்குள் நாலு அலமாரி, ஒரு மேசை விளக்கு, தபால்தலையை விரல் படாமல் எடுக்க இடுக்கி, பூதக்கண்ணாடி. கல்லாவில் நான்.

யாராவது பழைய ஆல்பத்தை விற்க வந்தால், முதல் பக்கத்தைப் புரட்டியதுமே இவர், "ரொம்ப அருமையா பாதுகாத்திருக்கீங்க" என்பார். வந்தவர் பூரித்துப் போவார். எனக்கு அப்போதே தெரிந்துவிடும், அடிமாட்டு விலைக்குத்தான் கேட்கப் போகிறார். நிஜமாகவே நல்ல சரக்கு வந்தால் மனுஷர் வாயைத் திறக்க மாட்டார்; மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

என் அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள். அவள் பிறந்தபோது இவர்தான் அண்ணனுக்கு ஆசை காட்டினார். புதுத் தபால்தலை வரும்போதெல்லாம் ஒரு முழுத் தாள் வாங்கி அப்படியே வையுங்கள், பிள்ளை படிக்கிற வயசில் மூன்று மடங்காகியிருக்கும் என்றார். ஒரு தாளின் அச்சிட்ட விலை நூறு ரூபாய் என்றால் இவர் விலை நூற்றிருபது. தபால் நிலைய வரிசையில் நின்றால் நூறுக்கே கிடைக்கும். ஆனால் மாப்பிள்ளைக்குக் கை ராசி என்று அண்ணன் இங்கேதான் வருவார். தனக்கொரு நல்ல சட்டை எடுக்க மாட்டார், தாள் மட்டும் தவறாது.

பதினெட்டு வருஷம் இப்படிப் போனது. போன வருஷம் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். புதன்கிழமை காலையில் அண்ணன் சூட்கேசோடு வந்தார். ஒவ்வொரு தாளும் தனித்தனி உறையில். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை.

இவர் முதல் உறையைப் பிரித்தார். "ரொம்ப அருமையா பாதுகாத்திருக்கீங்க மச்சான்" என்றார்.



அப்புறம் பூசி மெழுக ஆரம்பித்தார். லட்சக்கணக்கில் அச்சடித்ததை எல்லோரும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், தேடி வர ஆளில்லை என்றார். கடிதம் நிறைய அனுப்பும் கம்பெனிகள்தான் இதை எடுக்கும், நூறு ரூபாய்த் தாளை எழுபத்தைந்துக்கு வாங்கிக் கடித உறையில் ஒட்டிவிடும் என்றார். அதனால் கடையில் வாங்குவது அறுபதுக்கு.

இதெல்லாம் இவருக்கு அன்றைக்கா தெரிந்தது? எனக்கே தெரியும். மாசாமாசம் அந்தக் கம்பெனிகளுக்குத் தாள்களை எண்ணிக் கட்டிக் கொடுத்தவள் நான்தான். இது ஏறாது அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடை வாடகையை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் சரிபாதி.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பிரித்த உறையை எடுத்து மூடிச் சூட்கேசில் வைத்தார். பிறகு இவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"உன் பையனுக்கு நீ எத்தனை தாள் எடுத்து வச்சிருக்க?"

இவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளி என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்குப் பொய் வரவில்லை.

"ஒண்ணுகூட இல்லண்ணா. அவன் பேர்ல பாங்க்ல போட்டு வச்சிருக்கோம்."

இவர் அவசர அவசரமாக, எனக்கு லாபமே வேண்டாம், எழுபத்தைந்தாகவே தருகிறேன் என்றார்.

"ஊருக்கு என்ன விலையோ அதையே போடுங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "சொந்தம்னு வாங்கினதே போதும்."

பதினெட்டு வருஷம் கொடுத்ததில் பாதிதான் கைக்கு வந்தது. கல்லூரிக்கு அது பற்றாது.

மறுநாள் பாங்க் பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இவரிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அண்ணி கதவைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்றே கூப்பிட்டவர், "வாங்க, உக்காருங்க" என்றார்.