ஃபலேசியின் கைநாட்டு

என் தங்கை ஃபலேசி கம்துகுலே வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். கன்யேசி சந்தையில் ஆண்கள் மட்டுமே கடை போட்டிருந்த குழாயடி வரிசையில் ஓர் இடம். புருஷன் ஜொஹன்னஸ்பர்க் போய்த் திரும்பாத பிறகும் இரண்டு மகள்களுக்கு உயர்நிலைப் பள்ளி. காலரா. கடைசியாக, தலைநகர் லிலோங்வேயில் ஒரு தேர்தல் வழக்கு. வழக்குப் போட்டவர் நர்ஸ் சின்யாமா. ஆனால் வென்றது என் தங்கை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் சீருடை வாங்க முடிந்தது. நான் எட்டாம் வகுப்பு வரை போனேன். அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. எண்கள் மட்டும் தெரியும்.

2019 மே மாதத் தேர்தலில் நர்ஸ் சின்யாமா சுயேச்சையாக நின்றார். எதிரே மாவு மில் முதலாளி கசெங்கா. எங்கள் சாவடிக்குத் தன் முகவராக இருக்கும்படி நர்ஸ் ஃபலேசியைக் கேட்டார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதேம்மா."

"எழுதத் தெரிஞ்ச மூணு பேரைக் கசெங்கா ஏற்கெனவே வாங்கிட்டாரு. உன்னை விலை பேசணும்னு எவனுக்கும் தோணாது. எண்ணத் தெரியுமில்ல?"

"தக்காளிய அஞ்சஞ்சா குவிச்சு விக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது?"

எண்ணி முடித்தபோது நர்ஸுக்கு 412, கசெங்காவுக்கு 138. முடிவுத் தாளில் மற்ற முகவர்கள் கையெழுத்திட்டார்கள். ஃபலேசி இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.

"கைநாட்டையெல்லாம் அனுப்பியிருக்காங்க பாரு" என்று கசெங்காவின் முகவன் சிரித்தான்.

நான்காம் நாள், தொகுதியில் கசெங்கா வென்றதாக வானொலி சொன்னது. நர்ஸ் வழக்குப் போட்டு, எங்கள் சாவடித் தாளின் நகலை வாங்கி வந்தார். எண்கள் இடம் மாறியிருந்தன. கீழே ஃபலேசியின் பெயருக்கு நேராகச் சாய்வான, வால் சுழித்த ஒரு கையெழுத்து.

"உன் கையெழுத்து ரொம்ப நல்லாருக்கு" என்றேன்.

"எங்க, காட்டு. எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேனாம்?"

தாளையே மாற்றி எழுதியவர்கள், முகவர் என்றால் கையெழுத்துத்தான் போட்டிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே முதியோர் கல்வி ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மில்லின் ஆள் வந்தான். இலவச வகுப்பு, நோட்டு, பேனா, ஒரு மூட்டை மாவு. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும், அதை இன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். இருபது வருடமாகப் படி படி என்று அவளிடம் கெஞ்சியவன் நான். மகிழ்ந்துபோய், "போ, ஃபலேசி" என்றேன்.

"முப்பத்தொன்பது வருஷமா இல்லாத அக்கறை இவனுங்களுக்கு இப்ப ஏன் வந்துச்சுன்னு யோசிச்சியா அண்ணே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து விழுந்தால் வழக்கு போயிற்று. அவள் நோட்டை அவன் கையிலேயே திணித்தாள். "தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் கைநாட்டுதான். ஒரு கோடுகூடக் கிழிக்க மாட்டேன்."

மறுநாள் யாரோ அவள் கடையைக் கவிழ்த்துத் தக்காளியை மிதித்துப் போட்டார்கள். அதற்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் கடை இருந்தது.

நீதிமன்றத்தில் கசெங்காவின் வக்கீல், "எழுதத் தெரியாதுன்னு நடிக்கிறீங்க" என்றார்.

"நடிக்கிறதா இருந்தா இதவிட நல்ல வேஷமா எடுத்திருக்க மாட்டேனா ஐயா?"

நான் அலைந்து தேடித்தந்த உரக் கூப்பன் பதிவேடுகளை நர்ஸின் வக்கீல் மேசையில் வைத்தார். 2009 முதல் 2018 வரை பத்துப் பருவம், பத்துக் கைநாட்டு, பத்து அரசு முத்திரை.

"பத்து வருஷமா என் விரலை நம்பி அரசாங்கம் உரம் குடுத்துச்சு. ஓட்டு எண்ணுன அன்னிக்கு மட்டும் எனக்குத் திடீர்னு படிப்பு வந்துருச்சா?"

"படிக்காத நீங்க ஓட்டு எண்ணிக்கையை எப்படிச் சரிபார்த்தீங்க?" என்றார் கசெங்காவின் வக்கீல்.

"உங்க கையில இருக்கிற அந்தக் காகிதக் கட்டைக் குடுங்க. உங்க முன்னாடியே எண்ணுறேன்."

நீதிபதி கொடுக்கச் சொன்னார். ஐந்தைந்தாக அடுக்கி எண்ணினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அதன்பின் மற்ற சாவடிகளின் தாள்களையும் எடுத்துப் பார்க்க உத்தரவானது. பதினொரு தாள்களில் அதே வால் சுழித்த எழுத்து.

2020 ஜூலை 14 அன்று தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அன்று மாலையே என் சைக்கிள் கடைக்கு வந்து, "இப்ப சொல்லிக்குடு அண்ணே" என்றாள். பன்னிரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தேன். அடம்பிடித்தது F மட்டும்தான்.

மறுதேர்தலில் நர்ஸுக்கு எங்கள் சாவடியில் 447. அதிகாரி, கேட்காமலேயே மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்க."

ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். கசெங்காவின் முகவன் பொறுமையிழந்து, "சீக்கிரம் போடும்மா" என்றான்.

"அவசரம்னா நீயே போட்டுக்க, போன தடவை மாதிரி."

சாய்வும் இல்லை, சுழிப்பும் இல்லை. எல்லா எழுத்துகளும் நேராக நின்றன. பக்கத்தில் தேதியையும் அவளே எழுதினாள்: 2020 அக்டோபர் 6, செவ்வாய்க்கிழமை.