பிய்க்காமல் வைத்திருந்த அட்டை

கணவருக்கு அலுவலகத்திலிருந்து 'நாளை முதல் வர வேண்டாம்' என்று மெயில் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போயே ஆக வேண்டும். அந்த இன்னொருவர் நான்தான். வயது நாற்பத்தாறு. கடைசியாக வேலை பார்த்தது பதினாறு வருடங்களுக்கு முன்னால், ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளெய்ம் பிரிவில்.

பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் அதே மாதிரி வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. புதியவர்களும் வரலாம், இடைவெளி விட்டவர்களும் வரலாம். எனக்கு வேலை மறந்திருக்கும் என்ற பயமே வரவில்லை. என்ன உடுத்திக்கொண்டு போவது என்றுதான் தூக்கம் கெட்டது.

காட்டன் புடவை கட்டிக் காட்டினேன். "பேரண்ட்ஸ் மீட்டிங்ல திட்டற மிஸ் மாதிரி இருக்கம்மா" என்றாள் மகள். சுடிதாருக்கு மாறினேன். "பேங்க்ல பாஸ்புக் என்ட்ரி போட வந்த மாதிரி இருக்கு" என்றாள். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வாயில் நான்காம் வருடம். கணவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "எதுவா இருந்தா என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த மனிதரிடம் கேட்டதே என் தப்பு.

கடைசியில் மகளே ஆன்லைனில் ஒரு கருநீலக் கோட்டு வரவழைத்தாள். ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், ஆனால் விலை அட்டை அப்படியே இருக்க வேண்டும். அட்டையைப் பிய்க்காமல் கழுத்துக்குப் பின்னால் உள்ளே செருகிக்கொண்டேன். வேலை கிடைக்காவிட்டால் கோட்டு வந்த வழியே போய்விடும். எப்பேர்ப்பட்ட புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தலைக்குச் சாயம் பூசியதில் காதோரம் கறுப்புத் திட்டு விழுந்தது. அதைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் காது சிவந்துபோயிற்று. கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடக் கூடாது, உட்காரும்போது எல்லாப் பொத்தானையும் கழற்ற வேண்டும் என்று வீடியோவில் ஒரு பையன் சொன்னான். அதையும் மனப்பாடம் செய்துகொண்டு, பிரேசர் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த ஃபைலையும் பார்த்தார். "பேரண்ட்ஸ் எல்லா அல்லி கூத்கொள்ளி மேடம்" என்று கன்னடத்தில் சொல்லிக் கையை நீட்டினார். பெற்றோர்கள் உட்காரும் இடமாம். அங்கே ஏழெட்டு அப்பா அம்மாக்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவரிடம் நான் சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அன்றைக்கு என்னவோ, மேசையில் டோக்கன் வாங்கிக்கொண்டு, அந்த நாற்காலிகளிலேயே போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் ஆனேக்கல்லிலிருந்து மகளைக் கூட்டி வந்திருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவளாக இருப்பாள்.

"உங்களுக்குப் பொண்ணாக்கா, பையனா?"

"பொண்ணு."

"உள்ள போயிட்டாளா?"

"ம்."

"நீங்க ஆபீஸ்லேந்து நேரா வர்றீங்களா? கோட்டெல்லாம் போட்டிருக்கீங்களே."

அதற்கும் தலையை ஆட்டினேன். ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, இன்னொன்று தானாக வந்தது. அவள் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். டிகிரி முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாள், இந்த வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம், இல்லையென்றால் அவள் அப்பா சும்மா இருக்க மாட்டார். சொல்லிக்கொண்டே வந்தவள் என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஐயே, அட்டை தொங்குது பாருங்க."

நான் கையைத் தூக்குவதற்குள் குனிந்து, பல்லால் நறுக்கென்று கடித்து இழுத்துவிட்டாள்.

"என்னங்க பண்ணிட்டீங்க! யாரு கேட்டா உங்கள? வேலை கிடைக்கலன்னா திருப்பி அனுப்பணும்னு வச்சிருந்தேன்!"

நாற்காலிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"அப்போ... இண்டர்வியூ உங்களுக்காக்கா?"

மானம் போயிற்று. பதில் சொல்வதற்குள் என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஃபைல் மட்டும்தான் உள்ளே கொண்டுபோகலாம் என்றார் காவலர். கைப்பையோடு நான் தடுமாறுவதைப் பார்த்து அவள்தான் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன். தைரியமா போங்க."

அவளிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனேன். நடக்கும்போதுதான் உறைத்தது. கிடைக்காது என்று நானே முடிவு கட்டித்தான் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறேன். அந்தப் பெண் மேல் வந்த கோபம் பாதி என் மேல் வந்தது.

உள்ளே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் முப்பதைத் தாண்டியிருக்காது. பொத்தானைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்தேன். பதினாறு வருட இடைவெளியைப் பற்றிக் கேட்டார்கள். பணிவாகச் சொல்லத் தயார் செய்து வைத்திருந்த பதில் எல்லாம் போய், கோபத்தில் உண்மை வந்தது. "பிள்ளை வளர்த்தேன், மாமியாரைப் பார்த்துக்கொண்டேன், வேலை மறக்கவில்லை, வேண்டுமானால் கொடுத்துப் பாருங்கள்" என்றேன். கொடுத்தார்கள். ஒரு மருத்துவக் கிளெய்ம் தாள். அதில் நோயாளி சேர்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார். சுட்டிக் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு இன்னும் இரண்டு தாள், பிறகு மேலதிகாரி ஒருவர். திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். உட்கார்ந்த இடத்திலேயே அழுதிருப்பேன், அவ்வளவு நிம்மதி.

வெளியே வந்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. அவளும் மகளும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். மகளின் கண் வீங்கியிருந்தது. புது ஷூ கடித்து, அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்களாம். ஒரு மணி நேரத்துக்கு மேலாக என் பையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

"என்னக்கா சொன்னாங்க?"

வாய் வரை வந்தது. அழுதிருந்த அந்த மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறமா சொல்றோம்னுட்டாங்க" என்றேன்.

"இவளுக்கும் அதேதான் சொன்னாங்க. அப்புறம்னா இல்லன்னு அர்த்தம். விடுங்கக்கா, வேற கிடைக்கும்."

பையைக் கொடுத்தாள். பிறகு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்தாள்.

"கசங்காம வச்சிருக்கேன். அதே ஓட்டையில நூல் கோத்துக் கட்டிடுங்க, கண்டே பிடிக்க மாட்டாங்க. கோட்ட இப்பவே கழட்டி மடிச்சு வச்சுக்கோங்கக்கா, பஸ்ல அழுக்காயிடும்."

மகள் ஷூக்களைக் கீழே வைத்துவிட்டு, மடிக்க உதவுவதற்காகக் கையை நீட்டினாள். வேலை கிடைத்த நான், அவர்கள் முன்னால் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.