கொளஞ்சியம்மாளின் இடது கை

கொளஞ்சியம்மாளின் இடது கைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அவள் பக்கத்தில் நின்று கரும்புச் சோகை உரிக்க ஆள் வருவதில்லை. கச்சிராயபாளையத்துக் கூலிக்காரத் தெருவில் செய்தி பரவ செல்போன் எதற்கு? ஒரு குடிதண்ணீர்க் குழாய் போதும்.

வயசுக்கு வந்த நாளிலிருந்து கரும்பு வெட்டியவள் கொளஞ்சியம்மாள். வருஷக்கணக்காக இருந்த ரத்தக் கொதிப்பை அவள் ஒரு நோயாகவே மதிக்கவில்லை. கால் வீங்கினால் கொசுக்கடி, மூச்சு வாங்கினால் வெயில். இப்படியே காரணம் சொல்லிக்கொண்டிருந்தவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக ஒரு சாவு தேவைப்பட்டது. அவள் தம்பி இளமாறன், மூங்கில்துறைப்பட்டு ஆலையில் லோடு ஏற்றுகிறவன், போன வருஷம் சிறுநீரக நோயில் செத்துப் போனான். மிஷினில் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று எவனோ சொன்னதை நம்பி டயாலிசிஸே வேண்டாம் என்றுவிட்டான். கடைசி நாட்களில் பேச்சு நின்று, விடாமல் ஒரு முனகல் மட்டும் இருந்தது. பக்கத்து வீடுகளில் சோறு இறங்கவில்லை.

டாக்டர் தீனதயாளன் பொறுமையான மனுஷர். "ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சும்மா. இன்னும் சில மாசம் ஓடும். அதுக்குள்ள எந்த வழின்னு முடிவு பண்ணிக்கணும்" என்றார்.

நர்ஸ் ரம்யா விளக்கினாள். ஒன்று, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு மணி நேரம் படுத்தால் மிஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித் தரும். அதற்குக் கையில் இரண்டு ரத்தக்குழாயை இணைத்து முன்கூட்டியே தயார் பண்ண வேண்டும். இன்னொன்று, வயிற்றில் சின்னக் குழாய் வைத்து, வீட்டிலேயே தினமும் சில தடவை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, ஊறவைத்து, அழுக்கோடு வெளியே எடுப்பது. பஸ் செலவில்லை, ஊசி இல்லை. ஆனால் கை சுத்தம், இடம் சுத்தம் ரொம்ப முக்கியம். கிருமி உள்ளே போனால் வயிறே கெட்டுவிடும்.

கொளஞ்சி தன் வீட்டை நினைத்துப் பார்த்தாள். ஒரே அறை, அதில் பாதி ஆடுகளுக்கு. "கையிலயே வெச்சிடுங்க" என்றாள்.

ஆபரேஷன் ஆனதும் ரம்யா அவள் வலது கை விரல்களை எடுத்து இடது மணிக்கட்டில் வைத்தாள். தோலுக்கடியில் கிர்ரென்று என்னவோ ஓடியது. "இது ஓடினாதான் நாளைக்கு மிஷினு போட முடியும். டெய்லி தொட்டுப் பாருங்க. நின்னு போச்சுன்னா அந்த நிமிஷமே பஸ் ஏறிடணும். இந்தக் கையில வளையல், கயிறு, எதுவும் கட்டக் கூடாது. வெயிட்டு தூக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபின்தான் அந்த மணிக்கட்டைக் காதில் வைத்துப் பார்த்தாள். மூடிய கைக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு சத்தம். தூங்கும்போதும் நிற்பதில்லை, அவள் மூச்சைப் பிடித்தாலும் நிற்பதில்லை. அவளுடையது என்றால் அவள் சொன்னபடி கேட்க வேண்டாமா? அந்த நினைப்பு வந்ததும் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். புருஷன் மாயவன் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பக்கத்து வீட்டு ஆண்டாள் ஆசையாகக் கேட்டாளே என்று கையை நீட்டியதுதான் தப்பு. காதை வைத்தவள் முகம் வெளுத்து எழுந்தாள்.

"அடியே, உன் தம்பி முனகிக்கினு இருந்தானே, அதே சத்தம்டி."

அதற்கப்புறம் கொளஞ்சிக்கும் அப்படித்தான் கேட்டது. சில மத்தியானங்களில், தோட்டத்தில் தனியாக இருக்கும்போது, அதில் "அக்கா" என்று வருவதுபோல இருந்தது. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான் என்று அவளே நம்பிவிட்டாள்.

திரௌபதியம்மன் கோயிலில் காப்புக் கட்டும் நாள் வந்தது. மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டால் தீமிதி முடியும் வரை அவிழ்க்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆத்தா காப்பு ஏறினால் எதுவும் உள்ளே தங்காது என்றான் மாயவன்.

"கயிறு கட்டக் கூடாதுன்னாங்களே, மாமா."

"காப்பு இன்னா கயிறா? அது ஆத்தாடி."

பொம்பளைக்கு இடது கை என்பதுதான் முறை. அவன் தனக்கு ஒன்று கட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, பயத்தில் சுற்றுமேல் சுற்றாக இறுக்கினான். அவள் விரதமும் இருந்தாள்.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் கோயில் மேளம் ஓய்ந்த நேரம், பழக்கத்தில் கையைக் காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. விரலால் அழுத்தினாள். மரக்கட்டை மாதிரி கிடந்தது.

"போயிட்டான்!" என்று கத்தினான் மாயவன். ஆண்டாள் கற்பூரம் கொண்டுவந்தாள். தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது. வாரக்கணக்காக எட்டிப் பார்க்காதவர்கள்கூட அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அவ்வளவு பேர் நடுவில் அவளுக்கு மட்டும் உடம்பு சில்லிட்டது. முனகல் நின்ற அன்றைக்குத்தானே இளமாறனைத் தூக்கினார்கள்?

எழுந்து போய்க் கூரையில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவினாள். ஒரே இழுப்பில் காப்பு அறுந்து விழுந்தது. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஆண்டாள் கற்பூரத்தட்டோடு பின்னால் நகர, கொளஞ்சி ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"இன்னா காரியம் பண்ணினே கொளஞ்சி? எல்லை தாண்டாதே, ஆத்தா கேக்கும்!" என்று பதறினான் மாயவன்.

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்யா."

ஊர் எல்லைவரை மாயவன் கெஞ்சிக்கொண்டே வந்தான். அவன் கையில் காப்பு இருந்தது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வழியெல்லாம் கையைக் காதிலேயே வைத்திருந்தாள். பேய் பிடித்த கை என்று பயந்தவள், இப்போது அந்தப் பேயைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

ரத்தம் உறைந்துவிட்டது, மணிக்கட்டு இனி உதவாது என்றார் தீனதயாளன். ஆனால் வழி அடைந்துவிடவில்லை. முழங்கைக்கு மேலே இன்னொரு இணைப்புப் போடலாம். இல்லையென்றால் வயிற்று வழி. ஆடுகளைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அதுவும் நல்ல வழிதான் என்று ரம்யா மறுபடி எடுத்துச் சொன்னாள்.

அதற்குள் அடுத்த பஸ்ஸில் மாயவன் வந்து சேர்ந்தான். அவன் மணிக்கட்டும் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்ததும் கொளஞ்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வவுத்துலயே வெச்சிடுங்க சார், அது சத்தம் போடாது" என்றான் அவன்.

"அதனாலதான் வேணாம்" என்றாள் கொளஞ்சி. "சத்தம் போடட்டும். நான் இருக்கிறேன்னு எனக்குத் தெரியணும். மேல் கையிலயே வைங்க சார்."

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் காலையில் அவனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள்.

"இனி தெனமும் நீதான் தொட்டுப் பாத்து சொல்லணும்."

அவன் விரலை வைத்தான். வைத்த வேகத்தில் உடம்பு குலுங்கியது. தோலுக்கடியில் அது புரண்டு புரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"கொளஞ்சி, மறுபடியும் உள்ள யாரோ இருக்குறாங்க."

"ஆமா."

"யாரு?"

"நான்தான்யா."

அவன் விரலை எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.