ஸ்லாத்தா அத்தையின் பூரிம் நாடகம்

ஆண்ட்வெர்ப்பில் ஸ்லாத்தா பிர்ன்பாமை மீன்கடைக்காரி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூரிம் பண்டிகை நெருங்கினால் எங்கள் யூதத் தெருக்களே அவருக்குக் கொஞ்சம் பயப்படும். எஸ்தர் ராணியின் கதையை வருஷா வருஷம் எங்கள் பெரியவர்கள் பேசும் யித்திஷ் மொழியில் புது நாடகமாக எழுதுவது அவர்தான். ராணியும் கொடிய மந்திரியும் பெயருக்குத்தான்; உள்ளே மாட்டிக்கொள்வது நாங்கள். போன வருஷம் மந்திரியின் படை கோட்டைச் சுவர் கட்ட எங்கள் பேக்கரிக்காரரின் ரொட்டியை வாங்கிப் போனது. முதலில் எழுந்து கைதட்டியவரும் அவரே.

அத்தையின் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இஸ்ரேலில் எபிரேயம் பேசுகிறார்கள். கெண்டைக்குச் செதிள் எடுத்துக்கொண்டே வசனம் சொல்லிப் பார்ப்பார். "வருஷத்துல ஒரு நாள் நூறு பேர் என் பாஷையில சிரிச்சா போதும்டி எனக்கு" என்பார்.

இந்த வருஷம், நாடகத்தை மேடையேற்றும் எங்கள் மன்றத்தின் செயலாளர் லைசர், அத்தையின் சொந்தத் தம்பி, நாடகத்தை முன்கூட்டியே வாங்கிப் போனார். ராஜா வேஷம் எனக்கு. ஒத்திகையில் நடிக்கிற எங்களுக்குக் கிடைத்ததோ, ஊர் மொழியான டச்சில் ஒரு மொழிபெயர்ப்பு.

"அத்தைக்குத் தெரியுமா மாமா?" என்றேன்.

"அவங்க எழுதுறதுல உனக்குப் பாதியாவது புரியுதா? பெரியவங்க சிரிக்கிறதப் பாத்துச் சிரிக்கிறவதானே நீ? அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாய மூடு."

அவர் சொன்னது உண்மை. மூடிக்கொண்டேன்.

வெள்ளிதோறும் மீன் வாங்கப் போவேன். "என் ராஜா எப்படி இருக்காரு? வசனம் நாக்குல நிக்குதா?" என்று அத்தை கேட்பார்.

"நிக்குது அத்தை."

ஒரு துண்டு கூடுதலாகப் போடுவார்.

பண்டிகையன்று மதியம், ஒட்டுத்தாடியோடு ராஜாவாக நான்தான் முதலில் மேடையேறினேன். முதல் வரியை டச்சில் சொன்னேன். முன்வரிசையில் சிரிப்பதற்குத் தயாராக இருந்த அத்தையின் முகம் அப்படியே நின்றுவிட்டது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூட்டம் என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சிரித்தது.

"பாத்தியாக்கா, குழந்தைங்ககூட எப்படிச் சிரிச்சுதுங்க!" என்றார் லைசர் முடிந்ததும்.

"சிரிச்சுதுங்கடா. உன் நாடகத்துக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன். அதுக்குத்தானேடா கேக்கணும்."

பிறகு அத்தை என்னைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி கடைக்குப் போனேன். அத்தை டச்சில், "அடுத்தது யாருங்க? உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். வழிப்போக்கர்களிடம் பேசும் அதே மரியாதை. எங்கள் ஆட்களிடம் அவர் டச்சு பேசி நான் கேட்டதே இல்லை.

மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு எனக்கு யித்திஷ் வரும். கேட்டேன். அவர் மீனைத் தராசுத் தட்டில் வைத்து, டச்சிலேயே எடையைச் சொன்னார்.