ஒற்றை அறைக்குள் உலகப் போர்

நினைவாற்றல் வித்தைகளைப் புகழ்பவர்கள், பத்தாம் வகுப்பில் இருமுறை தோற்றுப் பிள்ளைகுட்டிகளோடு மூன்றாம் முறை எழுத வரும் பெண்ணைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. டுடோரியல் ஆசிரியர் தொழில் என்பது, அந்த வித்தைக்காரர்களுக்காகவும் சேர்த்து அந்தப் பெண் முன்னால் வெட்கப்படுவது. சாக்பீஸ் தூளைச் சுவாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இடப் பற்றாக்குறை

2002-இல் வரலாற்று முதுகலைப் பட்டத்தோடு நான் சின்னமனூர் டுடோரியல் ஒன்றில் சமூக அறிவியல் நடத்தினேன். மேகமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி செல்லத்தாய்க்கு அந்த ஒரு பாடம்தான் பாக்கி. தேறினால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம். அடுத்த ஆண்டு வயது வரம்பு கடந்துவிடும்.

டுடோரியல் உரிமையாளர் மதுரையிலிருந்து டை கட்டிய நினைவாற்றல் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார். "உங்கள் வீட்டை மனத்தில் கொண்டுவாருங்கள். ஜெர்மனியை ஹாலில் வையுங்கள், ஆஸ்திரியாவைச் சமையலறையில், ரஷ்யாவைப் படுக்கையறையில்" என்றார் அவர். எல்லாரும் கண்ணை மூடினார்கள். செல்லத்தாய் மட்டும் எழுந்தார்.

"சார், எங்க எஸ்டேட்டு லயத்து வீடு ஒரே ரூமு. அதுலயே அஞ்சு பேரு காலை மடக்கித்தான் படுக்கோம். இவுகளை எங்கன வைக்க?"

மாதிரித் தேர்வு

முதல் உலகப் போரின் காரணங்களை எழுதச் சொன்னேன். 'ஜெர்மனி சோபாவில் அமர்ந்திருந்தது. ஆஸ்திரியா சமையலறையில் சட்டி கழுவியது' என்று பலரும் ஒருமனதாக எழுதியிருந்தார்கள். தயங்காமல் சுழியம் போட்டேன். உரிமையாளர் விடைத்தாள்களோடு வந்தார்.

"வரிசை மாறாமத்தான மேடம் எழுதியிருக்காக? பாதி மார்க்காவது போடுங்க."

மடைத் தகராறு

செல்லத்தாய் அதையும் எழுதவில்லை, வெற்றுத்தாளைக் கொடுத்தார். இரண்டு மாதமாக நான் குறிப்புகளை வாசித்து எழுத வைத்தேனே தவிர, எதையும் விளக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு நாட்டைத் தொட்டால் அதற்குத் துணை வருவதாக வாக்குக் கொடுத்த நாடு ஏன் வந்தது, அதை எதிர்த்து அடுத்தது ஏன் வந்தது என்று முதன்முறையாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மடையத் தொறந்தவனை ஒருத்தன் அடிக்க, ரெண்டு பக்கத்துப் பங்காளியும் கம்பெடுத்து வந்த கதைதான? இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன டீச்சர்?"

சுவரொட்டி

நாற்பத்தொரு மதிப்பெண்ணில் அவர் தேறினார். 'நினைவாற்றல் பயிற்சியின் வெற்றி' என்று ஒட்டுவதற்கு உரிமையாளர் அவருடைய புகைப்படம் கேட்டார்.

"ரெண்டு தடவை பெயிலானப்ப யாரும் போட்டோ கேக்கலையே சார்."

பாடம் நடத்தச் சோம்பும் ஆசிரியர்கள் உள்ளவரை நினைவாற்றல் வித்தைக்குச் சாவில்லை. அதன் ஆயுளில் இரண்டு மாதம் என் உபயம். செல்லத்தாய் அந்த ஆண்டே மனுக் கொடுத்து வேலையில் சேர்ந்தார். மேகமலையில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறார்.