தோளுக்கு அடியில் யாரோ வைத்த துணி

ட்யூப் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் குழந்தை நீலமாகிக்கொண்டே இருந்தது. பேய் என்ற பேச்சையே எடுக்காத மயக்க மருத்துவர் நான். இது என் கைக்குக் கீழேயே நடந்தது.

2015 டிசம்பர். பெருமழை. ஒரகடத்தில் எங்கள் மருத்துவமனைக்கு வருவதெல்லாம் ஆலைகளில் கை நசுங்கியவர்கள்தான். அன்று பகலில் வந்தது, பிறந்து மூன்றே நாளான ஆண் குழந்தை. குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமென்றால், மணிமங்கலம் தாண்ட முடியாதபடி வெள்ளம். தாய் பாண்டிச்செல்வி, பிரசவ ரத்தப்போக்கு நிற்காமல், சாலை மூழ்குவதற்கு முன்பே தாம்பரத்தில் சேர்க்கப்பட்டிருந்தாள். போன் எதுவும் கிடைக்கவில்லை. வாசலில் அப்பா அருள்பாண்டி மட்டும்.

மூச்சுக்குழலில் ட்யூப் போட்டேன். நெஞ்சின் இரண்டு பக்கமும் காற்று கேட்டது. பிளாஸ்திரி ஒட்டி, வழக்கம்போல் தலைக்கடியில் சின்னத் தலையணை வைத்தேன். பச்சைத் துணி போர்த்தினார்கள்.

ஆக்சிஜன் இறங்கியது. தொண்ணூறு... எண்பது...

பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழல் நம் சுண்டு விரலைவிடக் குட்டை. ட்யூப் ஒரு நெல்மணி அளவு இறங்கினாலும் வலது நுரையீரலுக்குள் போய்விடும், இடது பக்கம் காற்றே போகாது. துணியை விலக்கி, தலையை நிமிர்த்திக் கேட்டேன். இரண்டு பக்கமும் கேட்டது! மறுபடி படுக்கவைத்துப் போர்த்தினோம். மறுபடி இறங்கியது.

“இன்னா சார், ஆரம்பிக்கலாமா கூடாதா?” சர்ஜன் நரசிம்மன் சிடுசிடுத்தார்.

“ட்யூப் சரியாத்தான் சார் இருக்கு!”

“அத பாப்பாகிட்ட சொல்லுங்க.”

எரிச்சலோடு துணிக்கடியில் கை விட்டேன். தலையணை இல்லை. தரையில் கிடந்தது.

“சத்யா, யாரும்மா தள்ளிவிட்டது?” நர்ஸைக் கேட்டேன்.

“நான் இந்தாண்ட கீறேன் டாக்டர். தொடவேயில்ல.”

எடுத்துத் திரும்ப வைத்தேன். எழுபது... அறுபது...

மறுபடி கை விட்டேன்.

உள்ளே இன்னொரு கை.

ஈரம். சில்லென்று...

தலையணையோடு என் விரல்களைத் தள்ளியது.

குழந்தையின் தோள் மெல்ல உயர்ந்தது.

பீப்... பீப்... பீப்...

ஒலி ஏறியது. ஆக்சிஜனும் ஏறியது.

அறுவை முடிந்து குழந்தையைத் தூக்கியபோது, தோள் இருந்த இடத்தில் மடித்த துணி ஒன்று. ஊதாப் பூப்போட்ட சேலைக் கிழிசல். எங்கள் தியேட்டருக்குள் பச்சைத் துணி தவிர வேறு வராது. அருள்பாண்டியிடம் காட்டினேன்.

“எங்க வீட்டுக்காரி சேல சார் இது. தாம்பரத்துக்குப் போகையில இதத்தான் உடுத்தியிருந்தா. ஒங்ககிட்ட எப்படி?”

தண்ணீர் வடிந்த பிறகுதான் செய்தி வந்தது. அறுவைக்கு முந்தின ராத்திரியே பாண்டிச்செல்வி இறந்துபோயிருந்தாள். முந்தானையில் ஒரு துண்டு கிழிந்திருந்ததாம்.

அந்தக் கைக்கு இன்றுவரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ட்யூப் இறங்கியதற்குக் கிடைத்தது. பச்சிளம் குழந்தைக்குப் பின்மண்டை பெரிது. தலையணை வைத்தால் கழுத்து மடங்கி, ட்யூப் உள்ளே இறங்கும்; தலையை நிமிர்த்தினால் பழைய இடத்துக்கே ஏறிவிடும். இப்போது நாங்கள் தலைக்கடியில் ஒன்றும் வைப்பதில்லை. தோளுக்கடியில் மெல்லிய துணி மடிப்பு வைக்கிறோம். போர்த்துவதற்கு முன் இரண்டு பக்கமும் மறுபடி கேட்கிறோம்.