கொண்டைக்குள் ஒரு கட்டி

பின்கழுத்தில் முடி தொடங்கும் இடத்தில் வந்த அந்தக் கட்டி முதலில் மல்லாட்டைப் பருப்பு, அதான் வேர்க்கடலை, அளவுதான் இருந்தது. வலியில்லை, விட்டுவிட்டேன். சில வருடங்களில் எலுமிச்சை அளவாகி, பிறகு ஆரஞ்சுப் பழம்போலத் திரண்டுவிட்டது. அதை மறைத்துத் தழையக் கொண்டை போட்டுக்கொள்வேன். திண்டிவனத்தில் என்னிடம் ரவிக்கை தைக்க வரும் பெண்கள், "எவ்ளோ அடர்த்தியான முடிக்கா உங்களுக்கு!" என்பார்கள். சிரித்து வைப்பேன். புற்றுநோய்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொன்னதையும் நம்பினேன்.

ஒரு கோடையில் அது சிவந்து வீங்கிக் கசிந்தது. நாற்றம் தாங்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கொண்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது! இத வெச்சிக்கினு எப்பிடி இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சி."

"பயந்துக்கினே இருந்தா ஆச்சா? கெளம்புங்க ஜல்தி."

விழுப்புரத்தில் பார்த்த பெண் டாக்டர், "முன்னாடி இங்க அடி பட்டிருக்கா?" என்று கேட்டார். சின்ன வயதில் வேலிக்குள் நுழையும்போது முள்கம்பி கிழித்ததைச் சொன்னேன்.

"அதனால இருக்கலாம். மேல்தோல் கொஞ்சம் உள்ள மாட்டிக்கிச்சுன்னா, உதிர்ற தோல் வெளிய போக வழியில்லாம ஒரு பைக்குள்ள சேர்ந்துக்கிட்டே இருக்கும். மயிர்க்கால் அடைச்சும் சிலருக்கு வரும்."

"கேன்சரா டாக்டர்?" நாத்தனார்தான் கேட்டாள்.

"பார்த்தா அப்படித் தெரியல. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்."

மாத்திரையில் சீழும் வீக்கமும் அடங்கிய பிறகுதான் ஆபரேஷன். குப்புறப் படுக்கவைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி தெரியவில்லை, இழுப்பது மட்டும் தெரிந்தது. "பையில துளி தங்கினாலும் திரும்ப வரும், அதான் மெதுவா எடுக்கறேன்" என்றார் டாக்டர். முடிந்ததும் கிண்ணத்தில் காட்டினார். கிழியாமல் முழுசாக வந்திருந்தது, வெள்ளையாக, உரித்த முட்டை மாதிரி.

தையல் பிரிக்கப் போன அன்று ரிசல்ட் வந்திருந்தது. "கேன்சர் இல்லம்மா. வெறும் தோல்தான்."

நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் சிரித்தேன், நிறுத்த முடியவில்லை.

வெளியே பூத்திலிருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி சரி" என்றார். "ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

அப்போதுதான் எனக்குப் பசி தெரிந்தது.